வயிற்றுக்குள்ளே ஒரு தையல்கூடம்

இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்ட பிறகும் ஒருவர் இட்லி சாப்பிடலாம். கல்யாணப் பந்தியில் உட்காரலாம், கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கலாம், பேத்தி ஊட்டினால் வாயைத் திறக்கலாம். முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்கள் நம்ப மாட்டார்கள். "இரைப்பையே இல்லையாம், பிறகு சோறு எங்கே போய் விழும்?" என்று கேட்பார்கள். எவ்வளவு அருமையான கேள்வி! உலகத்தின் தலைசிறந்த அறுவை நிபுணர்கள் 140 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரே கேள்விக்குத்தான் விதவிதமாகப் பதில் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கண்ட பதில்கள் எல்லாமே ஒரு தையலில் போய் முடிகின்றன. தையல் என்றால் தளவாய்புரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? ராஜபாளையத்துக்குத் தென்மேற்கே தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் என்று அடுத்தடுத்து இருக்கும் இந்த ஊர்களில் நைட்டியும் பாவாடையும் தைக்காத தெரு குறைவு. கட்டிங் மாஸ்டர் அடுக்கி வெட்டித் தருவார். பவர் மெஷினில் தையல் ஓடும், ஓரத்துக்கு ஓவர்லாக் அடிப்பார்கள், பிசிர் வெட்டுவார்கள், கடைசியில் செக்கிங். ஓரிடத்தில் தையல் விட்டிருந்தால் பீஸ் திரும்பி வரும். இரைப்பைப் புற்றுநோய் அறுவைக் கூடத்திலும் நடப்பது ஏறக்குறைய இதே வேலைதான். ஒரு வித்தியாசம்: அங்கே துணி உயிரோடு இருக்கிறது, தையல்காரர் அதைக் கையால் தொடுவதே இல்லை!

வாருங்கள், எட்டிப் பார்ப்போம்.

முதலில் நம்ம ஊர்த் துணி

அறுவைக் கூடத்தின் கதவைத் திறக்கும்போதே நம் வட்டாரத்தின் வாசனை அடிக்கிறது. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பேர்போன ஊர்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக இந்தப் பக்கத்தில் நூற்பாலைகள் பெருகின. நூலிருக்கும் இடத்தில் தறி வந்தது. தறியிலிருந்து கண்ணி விட்டு நெய்த மருத்துவத் துணி வந்தது. வெளுத்து, மடித்து, நாட்டின் பல மூலைகளுக்கும் கடல் கடந்தும் போகிறது.

அந்தச் சின்ன மடிப்புத் துணிக்கு அறுவைக் கூடத்தில் கிடைக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டுமே! உள்ளே போகும் ஒவ்வொரு காஸையும் எண்ணி அனுப்புவார்கள், எண்ணி வாங்குவார்கள். பல வகைக் காஸில் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு இழை ஓடும். கணக்கு இடித்தால் அதைப் படத்தில் தேடலாம். தையல் முடியும் தறுவாயில் டாக்டர் கேட்பார், "சிஸ்டர், காஸ் கணக்கு?" கணக்கு சரி என்று சிஸ்டர் வாய்விட்டுச் சொல்லும்வரை யாரும் வயிற்றை மூட மாட்டார்கள்.

உள்ளே நுழைந்தாச்சு!

நோயாளி மயக்கத்தில் படுத்திருக்கிறார். தலைப்பக்கம் சற்று உயர்த்தியிருக்கிறார்கள், குடல் சரிந்து கீழே போய் மேல்வயிறு பளிச்சென்று திறக்கட்டும் என்பதற்காக. தொப்புளருகே ஒரு சின்னக் கீறல். அதன் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துகிறார்கள். 12 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் அளவுக்கு வயிறு மெல்ல உப்பி ஒரு கூடாரம் ஆகிவிடுகிறது. தீப்பற்றாத வாயு, ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும் வாயு என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு பென்சில் பருமனில் நான்கைந்து துளைகள். ஒன்றில் கேமரா. அதன் நுனி 30 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் மூலை முடுக்கையும் எட்டிப் பார்க்கும். மற்றவற்றில் நீண்ட கம்பிபோன்ற கருவிகள். விளக்கை மங்கலாக்குகிறார்கள். எல்லாக் கண்களும் திரைக்குத் திரும்புகின்றன. அடேயப்பா! ஈரல், மண்ணீரல், மஞ்சள் கொழுப்புத் திரை, துடிக்கும் ரத்தக் குழாய், எல்லாம் பல மடங்கு பெரிதாக, ஈரப் பளபளப்போடு தெரிகின்றன. வயிற்றைக் கிழித்துத் திறந்து நின்று பார்த்தாலும் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது.

இதில் ஒரு கிறுகிறுப்பான சங்கதி உண்டு. கருவி துளையின் விளிம்பில் தாங்கி நிற்பதால், கையை வலப்பக்கம் நகர்த்தினால் உள்ளே நுனி இடப்பக்கம் போகும். கையை உயர்த்தினால் நுனி தாழும்! இந்தத் தலைகீழ் உலகத்தில்தான் அரைவட்ட ஊசியைப் பிடித்து, நூலைச் சுற்றி, முடிச்சுப் போட வேண்டும். இளம் மருத்துவர்கள் பயிற்சிப் பெட்டிக்குள் ரப்பர் துண்டுகளை மாதக்கணக்கில் தைத்துத் தைத்துத்தான் இதைக் கைக்குக் கொண்டுவருகிறார்கள். முதன்முதலாக மெஷின் மிதிக்கிற பிள்ளை பழைய துணியில் நேர்க்கோடு ஓட்டிப் பழகுகிறாளே, அதே தவம்.

வெட்டும் பாதி

கட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் வெட்டை முடிவு செய்கிறது. கீழ்ப்பகுதியில் இருந்தால் இரைப்பையின் கீழ்ப்பெரும்பாகத்தை எடுத்தால் போதும். மேலே இருந்தாலோ, பரவலாக ஊடுருவியிருந்தாலோ முழுவதும் போக வேண்டும். இரைப்பையோடு சேர்த்து அதைச் சுற்றிய நிணநீர்க் கணுக்களையும் ரத்தக் குழாய்களின் ஓரமாகச் சுரண்டி எடுக்கிறார்கள். ஜப்பானிய மருத்துவர்கள் ஒவ்வொரு கணுக்கூட்டத்துக்கும் எண் கொடுத்து வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள். நோயின் நிலையைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 16 கணுக்களையாவது நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்பது பொது விதி.

இடது இரைப்பைத் தமனியை அதன் வேரிலேயே கட்டி அறுக்கிறார்கள். இரைப்பை முடிந்து முன்சிறுகுடல் தொடங்கும் இடத்தை, தைத்தபடியே வெட்டும் ஸ்டேப்லர் என்ற கருவி கடித்துத் துண்டிக்கிறது. வெட்டுப்பட்ட இரைப்பை ஒரு பைக்குள் போகிறது. தொப்புள் கீறலை 3, 4 சென்டிமீட்டர் அளவுக்கு அகலப்படுத்தி அந்தப் பையை வெளியே இழுத்துவிடுகிறார்கள்.

இப்போது திரையைப் பாருங்கள். மேலே உணவுக்குழாயின் மொட்டை முனை. கீழே குடல். நடுவில் வெற்றிடம்! வாய்க்கும் குடலுக்கும் இந்த நிமிடத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. புற்றுநோய் போய்விட்டது, ஆனால் இந்த மனிதர் சாப்பிடுவாரா என்பது அடுத்து வரப்போகும் தையலின் கையில் இருக்கிறது. எனக்கு இந்த அறுவையில் ஆகப் பிடித்த நொடி இதுதான்.

வியன்னாவில் ஒரு ஜனவரி

இந்த வெற்றிடத்தை முதன்முதலில் வென்று காட்டியவர் தியோடர் பில்ராத். அவருக்கு முன்பே 1879-ல் பாரிஸில் பியானும், 1880-ல் போலந்துக்காரர் ரைடிகியரும் முயன்றார்கள். நோயாளிகள் பிழைக்கவில்லை. 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் 43 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பையின் கீழ்ப்பகுதியைப் பில்ராத் வெட்டியெடுத்தார். மீந்த இரைப்பையை முன்சிறுகுடலோடு கார்பாலிக் அமிலத்தில் நனைத்த பட்டு நூலால், ஏறத்தாழ 50 தையல் போட்டு இணைத்தார். முதல் நாட்களில் அந்தப் பெண்ணுக்குப் புளித்த பால்தான் உணவு. தையல் தாங்கியது! புற்றுநோய் ஏற்கெனவே பரவியிருந்ததால் சில மாதங்களில் அவர் இறந்தார். ஆனால் இணைப்பு கடைசிவரை விடவில்லை. அந்த இணைப்பின் பெயர் இன்றும் பில்ராத் ஒன்று. முன்சிறுகுடலை மூடிவிட்டு, அடுத்த வளைவான நடுச்சிறுகுடலை மேலே கொண்டுவந்து இரைப்பையோடு சேர்க்கும் முறை 1885-ல் வந்தது. அது பில்ராத் இரண்டு.

1897-ல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் இன்னும் துணிந்தார். முழு இரைப்பையையும் எடுத்துவிட்டு உணவுக்குழாயை நேரே நடுச்சிறுகுடலில் தைத்தார். அந்த நோயாளி ஓராண்டுக்கும் மேல் வாழ்ந்தார். இரைப்பை இல்லாமலும் மனிதர் சாப்பிட்டு வாழ முடியும் என்பதை உலகம் அப்போதுதான் கண்டது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் செசார் ரூ என்பவர் குடலை ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் இணைக்கும் வழியைப் பரவச் செய்தார். இன்று முழு இரைப்பை நீக்கத்துக்குப் பிறகு மிகுதியாகச் செய்யப்படுவது அவர் பெயர் தாங்கிய ரூ-ஆன்-ஒய் தான்.

அந்த ஒய்யின் அழகைக் கொஞ்சம் பாருங்கள். நடுச்சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டுகிறார்கள். கீழ்த்துண்டின் முனையை அப்படியே மேலே தூக்கி உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள். மேல்துண்டு பித்தநீரையும் கணைய நீரையும் சுமந்து வருகிறது. அதை இணைப்புக்குக் கீழே 40, 50 சென்டிமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் சேர்க்கிறார்கள். ஏன் இவ்வளவு தள்ளி? பித்தநீர் மேலேறி உணவுக்குழாயை அரிக்கக் கூடாது! பித்தநீர் ஏறிவர முடியாத உயரத்தை நீளத்தால் உண்டாக்கிவிடுகிறார்கள். வால்வு இல்லை, இயந்திரம் இல்லை. அளந்து வெட்டிய ஒரு முழக் குடல், அவ்வளவுதான்.

வயிற்றைத் திறக்காமல் தைக்க முடியுமா?

ஒரு நூற்றாண்டு காலம் இவை எல்லாம் மார்பெலும்புக்குக் கீழேயிருந்து தொப்புள் தாண்டி நீளும் பெரிய வெட்டு வழியாகத்தான் நடந்தன. 1991-ல் ஜப்பானின் செய்கோ கித்தானோ நுண்துளை வழியாக இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை செய்தார். இரைப்பையை உள்ளே விடுவித்துவிட்டு, சிறு கீறல் வழியே வெளியே எடுத்து, அங்கே வைத்துத் தையலைப் போட்டார். 1992-ல் சிங்கப்பூரில் பீட்டர் கோ ஓர் இரைப்பைப் புண் நோயாளிக்கு வெட்டையும் இணைப்பையும் முழுக்க முழுக்க வயிற்றுக்குள்ளேயே முடித்துக் காட்டினார். அதன்பிறகு மருத்துவர்களின் கற்பனை பறக்கத் தொடங்கியது. 2002-ல் ஜப்பானின் கனாயா ஒரு புது வழி சொன்னார். இரைப்பையின் முனையையும் முன்சிறுகுடலின் முனையையும் அருகருகே வைத்து, நேர்க்கோட்டு ஸ்டேப்லரைத் திருப்பிப் பிடித்துச் சுட்டால், இணைப்பின் வாய் முக்கோணமாக விரியும். கிரேக்க டெல்டா எழுத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். நேர்க்கோடு போடும் கருவியால் விரிந்த வாய் செய்துவிட்டார் மனிதர்!

ஸ்டேப்லரின் கதையும் இரைப்பையில்தான் தொடங்குகிறது. 1908-ல் புடாபெஸ்டில் ஹுமேர் ஹுல்ட்ல் முதல் தையல் இயந்திரத்தைப் பயன்படுத்தியதே இரைப்பை அறுவையில்தான். கிலோக் கணக்கில் கனக்கும் அதைப் பூட்டி எடுக்கவே 2 மணி நேரம் ஆகுமாம். இன்னொரு ஹங்கேரியர் அலதார் பெட்ஸ் 1921-ல் அதை இலகுவாக்கினார். பிறகு சோவியத் பொறியாளர்கள் கைவைத்தார்கள். 1958-ல் கீவ் நகரில் அந்தக் கருவிகளைப் பார்த்து வியந்த அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிச் அவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்.

இன்றைய ஸ்டேப்லர் ஒரு துளை வழியே நுழையும் மெல்லிய தாடை. கடித்துச் சுட்டால் வெட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை டைட்டானிய ஊசிகள் பாயும், நடுவே கத்தி ஓடும். ஒவ்வொரு ஊசியும் ஆங்கில பி எழுத்துபோல மடங்கும். அந்த மடிப்பின் இடைவெளியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்காமல் பிழைத்து, தையல் ஓரத்துக்கு ரத்தம் ஊட்டும். திசுவின் தடிமனுக்கேற்ப வெள்ளை, நீலம், பச்சை என்று தோட்டாக்களின் நிறம் மாறும். வாயில் துணிக்கு ஒரு ஊசி, ரேயான் துணிக்கு ஒரு ஊசி என்று நம்பர் பார்த்து மாற்றுகிற தளவாய்புரத்துத் தையல்காரர் இதைக் கேட்டால் உடனே தலையாட்டுவார்.

உச்சக்கட்டம்: உணவுக்குழாய்

முழு இரைப்பையும் போன பிறகு உணவுக்குழாயோடு போடும் இணைப்புதான் இந்த அறுவையின் மலைமுகடு. காரணங்கள் பல. குடலுக்கும் இரைப்பைக்கும் வெளியே வழவழப்பான ஓர் உறை உண்டு, தையல் அதில் உறுதியாகப் பிடிக்கும். உணவுக்குழாய்க்கு அந்த உறையே கிடையாது. அதன் வெளித்தசை நெடுவாட்டில் ஓடுவதால் நூல் இழுத்தால் கிழித்துக்கொண்டு வரும். வெட்டியதும் அது நெஞ்சுக்குள் சுருங்கிப் பின்வாங்கும். வேலை செய்யும் இடமோ உதரவிதானத்தின் துளைக்கருகே, இதயம் துடிக்கும் அதிர்வுக்குக் கீழே!

இங்கே இரண்டு பெரும் வழிகள். ஒன்று, வட்ட ஸ்டேப்லர். உணவுக்குழாய்க்குள் ஒரு காளான் வடிவ உலோகத் தலையை வைத்து, குடல் பக்கமிருந்து கருவியைக் கொண்டுவந்து பூட்டிச் சுட்டால் ஒரே சுற்றில் வட்டத் தையல். அந்தத் தலையை உள்ளே வைப்பதுதான் பெரும்பாடு. அதற்காக ஒரு குழாயின் நுனியில் அதைக் கட்டி, நோயாளியின் வாய் வழியாகவே விழுங்க வைப்பதுபோல இறக்கும் வித்தையும் இருக்கிறது.

இரண்டாவது வழி, ஜப்பானின் இனாபா 2010-ல் எழுதிய ஓவர்லாப் முறை. தூக்கிவந்த குடலை உணவுக்குழாயின் பக்கத்தில் ஒட்டினாற்போல் படுக்க வைக்கிறார்கள். இரண்டிலும் ஒரு சிறு துளை. ஸ்டேப்லரின் ஒரு தாடை இதில், மறு தாடை அதில். சுட்டதும் இரண்டும் ஒன்றாகி நீண்ட வாய் திறக்கிறது. கருவி நுழைந்த துளையை மட்டும் கையால், அதாவது அந்தத் தலைகீழ்க் கம்பிகளால், தைத்து மூட வேண்டும். இதற்கு முள்நூல் என்ற அற்புதம் கைகொடுக்கிறது. நூல் முழுக்க நுண்ணிய கொக்கிகள். முன்னே போகும், பின்னே நழுவாது, முடிச்சே வேண்டாம்! ரோபோ வசதி உள்ள இடங்களில் கருவியின் நுனிக்கு மணிக்கட்டே உண்டு. மனிதக் கை திரும்பாத கோணத்திலும் அது ஊசியைத் திருப்பும்.

கட்டி மேல்பகுதியில், ஆரம்ப நிலையில் இருந்தால் கீழ் இரைப்பையைக் காப்பாற்றி வைக்கும் முறைகளும் வந்துவிட்டன. ஜப்பானில் கமிகாவா வகுத்த இரட்டை மடல் முறையில், இரைப்பைச் சுவரின் மேலடுக்கை இரண்டு கதவுகள்போலப் பிரித்து, உணவுக்குழாய் முனையை அதற்குள் வைத்து, கதவுகளை அதன்மேல் மூடித் தைக்கிறார்கள். இரைப்பை நிரம்பும்போது அந்த மடல்கள் உணவுக்குழாயை அழுத்தி அமிலத்தை மேலே விடாமல் தடுக்கும். நேரம் பிடிக்கும், பொறுமை பிடிக்கும். கைவேலையின் உச்சம் என்றால் இதுதான்.

செக்கிங்!

இணைப்பு முடிந்தவுடன் யாரும் கைதட்டுவதில்லை. சோதனை நடக்கிறது. இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தை ரத்தக் குழாயில் ஏற்றி, கேமராவை அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றுகிறார்கள். ரத்தம் ஓடும் குடல் திரையில் பச்சையாக ஒளிர்கிறது! ஒளிராத ஓரம் இருந்தால் அங்கே ரத்தம் போகவில்லை. ரத்தம் போகாத ஓரத்தில் போட்ட தையல் நிற்காது. சில இடங்களில் இணைப்பை நீரில் மூழ்கடித்து உள்ளே காற்றை ஊதிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். எண்டோஸ்கோப்பியை வாய் வழியே விட்டு உட்புறத்தை நேரடியாகப் பார்ப்பதும் உண்டு.

கடைசியாக, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒரு நுணுக்கம். குடலைத் தூக்கிவைத்ததால் அதன் பின்னால் ஒரு சந்து உருவாகிறது. 1900-ல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயரால் அதைப் பீட்டர்சன் இடைவெளி என்கிறார்கள். எடை குறைந்து கொழுப்பு வற்றும்போது மற்றக் குடல் அந்தச் சந்தில் புகுந்து முறுக்கிக்கொள்ளலாம், மாதங்கள், ஆண்டுகள் கழித்தும். ஆகவே அந்தச் சந்தையும் தைத்து மூடிவிடுகிறார்கள். பிசிர் வெட்டி, மடிப்பெடுத்துக் கொடுத்தால்தானே பீஸ் முழுமை!

நம் மண்ணின் கைகள்

இந்தக் கலை நம் மாநிலத்துக்கு அந்நியமே இல்லை. குடல், இரைப்பை அறுவைக்கென்றே தனித்துறை இந்தியாவில் வேர்விட்டது சென்னை மருத்துவக் கல்லூரியில், பேராசிரியர் என். ரங்கபாஷ்யத்தின் முயற்சியால். 2002-ல் பத்ம பூஷண் பெற்ற அவரிடம் பயின்றவர்கள் தமிழகமெங்கும் பரவினார்கள். 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெகெம்டன் உத்வாடியா நுண்துளை வழியாகப் பித்தப்பையை எடுத்ததோடு இந்தியாவில் இந்த யுகம் பிறந்தது. அதைக் கொங்கு மண்ணில் வளர்த்தவர் கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு. சிறு வயதில் மலேசியத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, ஊர் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தவர் அவர். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்புத் துளைகள் வழியாகச் செய்யும் முறையில் 130 நோயாளிகளின் அனுபவத்தை அவரது குழு 2006-ல் வெளியிட்டது. உலகம் முழுக்க மருத்துவர்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இங்கே இந்தக் கலைக்குத் தேவையும் அதிகம். சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து பராமரித்து வருகிறது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் முன்வரிசையில் இருப்பதை அது தொடர்ந்து காட்டியிருக்கிறது.

சரி, துளை வழியாகச் செய்தால் புற்றுநோய் முழுமையாகப் போகுமா? கொரியாவில் 1,416 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, ஆரம்ப நிலைக் கட்டிகளில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு நுண்துளையில் 94.2 சதவீதம், திறந்த முறையில் 93.3 சதவீதம் என்று 2019-ல் சொன்னது. சற்று முற்றிய கட்டிகளில் சீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்விலும் மூன்றாண்டு முடிவில் இரு முறைகளும் கிட்டத்தட்டச் சமம். கைதேர்ந்த குழு செய்தால், நோயை வெல்வதில் துளை பின்தங்கவில்லை. வெட்டுக்காயத் தொல்லையைக் குறைப்பதில் அது முந்துகிறது. இருந்தும் எல்லாருக்கும் இது பொருந்தாது. கட்டி பக்கத்து உறுப்புகளில் ஒட்டியிருந்தால் திறந்து செய்வதே பாதுகாப்பு. துளையில் தொடங்கி நடுவில் திறக்க நேர்ந்தாலும் அது தோல்வி ஆகாது, நல்ல தீர்ப்பு. முற்றிய கட்டிக்கு முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவைக்கு வருவதும் இப்போது வழக்கம்.

பால்கோவாவும் பி12-ம்

அறுவை முடிந்த மறுநாளே நோயாளியைப் பிடித்து நடக்க வைக்கிறார்கள். தண்ணீர் மிடறு மிடறாக, பிறகு கஞ்சித் தெளிவு, பிறகு குழைந்த சோறு. அந்த முதல் சில நாட்களில் எல்லாருடைய மனமும் ஒரே இடத்தில் நிற்கும்: இணைப்பு கசியாமல் இருக்க வேண்டும். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, வலி என்று எதையும் மருத்துவர்கள் அலட்சியம் செய்வதில்லை. கசிவு அரிது, ஆனால் வந்தால் ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு புது உடம்புக்குப் புது ஒழுங்கு. தேக்கிவைக்கும் பை இல்லாததால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரிக்க வேண்டும். நன்றாக மென்று, மெதுவாக விழுங்க வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தள்ளிக் குடிக்க வேண்டும். முட்டை, மீன், பருப்பு தாராளமாக.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா! புவிசார் குறியீடு பெற்ற நம் பெருமைதான், ஆனால் இரைப்பை இல்லாதவர் அதை இலையிலிருந்து வழித்துச் சாப்பிட்டால் சர்க்கரை நேரே குடலில் கொட்டும். கால் மணி, அரை மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம். டம்பிங் என்பது இதன் பெயர். விருந்தாளி அன்பாக நீட்டினாலும், விரல்நுனி அளவு ருசியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அடுத்தது பி12. இந்தச் சத்தை உடல் உறிஞ்சத் தேவையான பொருளை இரைப்பைதான் சுரக்கிறது. முழு இரைப்பையும் போனால் அதுவும் போகும். ஈரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறை உடனே தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஊசி?" என்று நிறுத்திவிட்டால் பின்னால் ரத்தசோகையும் கைகால் மரத்துப்போவதும் வரும். ஆயுள் முழுக்க, டாக்டர் சொல்லும் இடைவெளியில் பி12 போட்டே ஆக வேண்டும். இரும்பும் கால்சியமும் கூடவே கவனிக்க வேண்டியவை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வளவு மகத்தான தையலும் நேரத்தோடு வந்தவருக்குத்தான் முழுப்பலன் தரும். "கேஸ் டிரபிள்" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது நம் பக்கம் சகஜம். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, தொடர்ந்த வாந்தி, விழுங்கச் சிரமம், சோகை என்று இவற்றில் எது இருந்தாலும் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள், சில நிமிட வேலைதான். நடுத்தர வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக அஜீரணம் தொடங்கினாலும் அப்படித்தான். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை நமக்குத் தூரமில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய் அறுவைகளுக்கும் அது உதவும்.

ஒருவேளை வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்று தெரியவந்தால், அறுவைக்கு முன் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "எவ்வளவு இரைப்பையை எடுப்பீங்க, டாக்டர்? எடுத்த பிறகு எப்படி இணைப்பீங்க? துளை வழியாகவா, திறந்தா, எது எங்களுக்குப் பாதுகாப்பு? இந்த அறுவையை உங்க குழு அடிக்கடி செய்யுதா? வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு முறையை யார் சொல்லித் தருவாங்க?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு, ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தே பதில் சொல்வார். எதை எடுக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டுவிட்டு நாம் அழுதுகொண்டு திரும்பிவிடுகிறோம். எதைக் கட்டித் தருகிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அந்த மனிதர் இனி வாழப்போகும் நாளெல்லாம், சாப்பிடப்போகும் வாயெல்லாம் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது!